செம்பூரில் படித்த பத்துப் பிள்ளைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, செம்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, மூன்றாம் வகுப்புப் பாடம் படிக்க உட்கார்ந்தேன். முதல் அரை மணி நேரம் அருண்குமாராகப் படித்தேன். பதினொன்றுக்கு நாகூர் மீரானானேன். பதினொன்றரைக்கு முத்துமாரி.

மூக்குக் கண்ணாடி போட்ட, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற, ஐம்பதைத் தாண்டிய முத்துமாரி.

ஒவ்வொரு சரியான விடைக்கும் கணினிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் "அருமை, கலக்கிவிட்டாய்" என்று பாராட்டியது. அடுப்படியில் இருந்த என் மனைவி சுபாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு பெண் குரல் என்னை இத்தனை புகழ்ந்து அவள் கேட்டதில்லை.

ஒன்றரை மணிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"சாப்பிட வர்றீங்களா, இல்ல இன்னும் பிள்ளைங்க பாக்கி இருக்கா?"

ஆறு பேர் முடித்தாயிற்று, இன்னும் நாலு பேர் என்றேன்.

"முடிச்சவங்க வந்து சாப்பிடலாம்ல."

ஆறு பேர் சார்பில் போய் ஒருவனுக்கான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு ஏழாவது பிள்ளையாகத் திரும்பி வந்தேன். நான் செய்துகொண்டிருந்த காரியத்துக்குச் சட்டத்தில் பெயர் உண்டு. அதைச் செய்யும் அளவுக்கு ஒரு வாத்தியார் எப்படி வந்து சேர்ந்தான் என்பதைச் சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு நம்பர், ஒரு வீடு

தாராவியில் ஒரு தமிழ் வழித் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியர். எங்கள் பள்ளியில் முதல் வகுப்பு எடுப்பவரே அந்தப் பிள்ளைகளோடு மேலே ஏறிப் போக வேண்டும். ஆகவே நானும் ஒவ்வொரு வருடமும் பாஸாகி, அந்த வருடம் மூன்றாவதுக்கு வந்திருந்தேன். வகுப்பில் இருபத்து நாலு பேர்.

ஜூனில் பள்ளி திறந்ததுமே உத்தரவு வந்தது. பிள்ளைகள் எல்லோரையும் ஓர் இணையக் கற்றல் தளத்தில் சேர்க்க வேண்டும். பாடம், பயிற்சி, பரிசோதனை எல்லாம் அதில் உண்டு. பெற்றோரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் போதும்.

எண்களைக் கேட்டு வாங்கினேன். பதினொரு பிள்ளைகள் ஒரே எண்ணைச் சொன்னார்கள். பதினொரு பேரும் ஒரே சந்து. அது பேச்சியக்காவின் எண் என்றார்கள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ரேஷன் கார்டைப் பார்த்து வளர்ந்த மூளை அது. ஒரு கார்டு, அதில் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும். கைப்பேசி எண்ணும் அப்படித்தானே இருக்கும்? ஓர் எண்ணைப் பதிந்துவிட்டால் அந்த எண்ணுக்கு உரிய பிள்ளைகள் எல்லாம் தாமாக அதன் கீழ் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று முடிவு செய்தேன். எண்ணை முதலில் சொன்ன ஆயிஷாவின் பெயரை அந்த எண்ணோடு போட்டேன். மற்ற பத்துப் பேருக்கு முன்னால் ஒரு சின்ன டிக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

யாரையாவது கேட்டிருக்கலாம். எங்கள் பள்ளியில் இருபத்தைந்து வயது ஆசிரியைகள் இருக்கிறார்கள். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் ஒருவன் கேள்வி கேட்டால் அது அறியாமையாகத் தெரியும். கேட்காவிட்டால் அனுபவமாகத் தெரியும்.

அலமாரிக்குள் ஒரு தொலைக்காட்சி

இயந்திரங்களோடு எனக்கு உள்ள உறவைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பாடம் காட்டுவதற்கென்று பள்ளிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. அப்போதிருந்த தலைமையாசிரியர் அதைப் பத்திரமாக இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஆகஸ்டு பதினைந்துக்கு ஒரு முறையும் ஜனவரி இருபத்தாறுக்கு ஒரு முறையும் திறந்து துடைப்போம். ஒரு பாடம்கூட அதில் ஓடவில்லை. ஆனால் அவர் ஓய்வு பெறும்போது பெட்டி புத்தம் புதிதாக இருந்தது என்று பாராட்டிப் பேசினார்கள். பேசியவன் நான்.

பிறகு கொரோனா வந்தது. வாட்ஸாப்பில் பாடம் எடுத்தோம். ஏழாம் வாய்ப்பாட்டை என் சொந்தக் குரலில் ராகம் போட்டுப் பாடி அனுப்பினேன். எல்லாம் முடிந்து பள்ளி திறந்த பின், ஒரு நாள் சயான் ஸ்டேஷனில் வண்டிக்கு நிற்கிறேன். பக்கத்தில் நின்றவரின் சட்டைப் பையிலிருந்து நான் "ஏழேழு நாற்பத்தொன்பது" என்று பாடினேன். அவர் என்னை எடுத்துக் காதில் வைத்து "ஹாம், போலோ" என்று இந்தியில் பேச ஆரம்பித்தார். மகளோ மகனோ ரிங்டோனாக வைத்துக் கொடுத்திருக்க வேண்டும். பேசி முடித்ததும் என்னைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். என் ஆசிரியப் பணியில் இவ்வளவு நெருக்கமாக ஒரு பெற்றோரின் நெஞ்சில் இடம் பிடித்ததில்லை.

மலையும் பள்ளமும்

மழை விடுகிற சமயத்தில், தளத்தில் பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரைபடம். பெரும்பாலானவர்களுக்கு அது மெதுவாக ஏறுகிற படிக்கட்டு மாதிரி இருந்தது. சிலருக்குத் தரை மாதிரி.

ஆயிஷாவுக்கு மட்டும் வேறு மாதிரி. ஒரு கேள்வியில் மலை உச்சி. அடுத்த கேள்வியில் பள்ளம். வகுத்தல் கணக்கைச் சரியாகப் போட்டவள் ஐந்தும் நாலும் எத்தனை என்பதில் தப்பு விட்டிருந்தாள். "குரங்கு" என்ற சொல்லைப் படத்தோடு பொருத்தத் தெரிந்தவளுக்கு "மரம்" தெரியவில்லை. தினமும் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஐந்து வரை விடாமல் படித்திருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருமா? வகுப்பில் ஆயிஷா பத்து நிமிடம் உட்கார்ந்ததில்லை.

தளமே குழம்பிப் போயிருந்தது. கீழே ஒரு குறிப்பு: இந்தக் குழந்தையின் கற்றல் முறை வழக்கத்துக்கு மாறானது, ஆசிரியர் நேரில் கவனிக்கவும்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. இப்படி ஒரு மூளை எப்படி வேலை செய்யும் என்று இரண்டு நாள் யோசித்தேன். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமா என்றுகூடத் தோன்றியது. நல்ல வேளை, எழுதும் முன் நேரில் போய்ப் பார்த்தேன்.

குழாயடிச் சட்டம்

பேச்சியக்கா மாவுக்கடை வைத்திருப்பவர். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சந்து முழுக்க அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். மூன்று மணிக்குக் கிரைண்டர் ஓய்ந்திருந்தது. ஈர அரிசி வாசனை சந்தின் முனைக்கே வந்தது.

கடை வாசலில் ஒரு வரிசை. ஆட்கள் இல்லை. ஒரு ஜோடி செருப்பு, ஒரு புத்தகப் பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, ஒரு பென்சில் பெட்டி என்று வரிசையாகத் தரையில் இருந்தன. வரிசையின் தலையில், கல்லாவுக்குப் பக்கத்தில், அக்காவின் கைப்பேசி சார்ஜர் கம்பியில் கட்டுண்டு கிடந்தது. அதற்கு முன்னால் ஆயிஷா குந்தியிருந்தாள். ஒரு கேள்விக்குப் பதில் போட்டாள். எழுந்தாள். தன் செருப்பை எடுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் வைத்தாள். அடுத்த பொருளுக்குச் சொந்தக்காரன் விளையாட்டை விட்டு ஓடி வந்து உட்கார்ந்தான்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. தாராவியில் தண்ணீர் வருகிற இரண்டு மணி நேரத்தில் குழாயடி இப்படித்தான் இருக்கும். ஆள் நிற்க வேண்டியதில்லை. குடம் நின்றால் போதும். அதற்கு நம்பர் போடுவது என்று பெயர்.

அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"குழா லைன் மாதிரிதான் சார். ஆளுக்கு ஒரு கொடம். ரெண்டாவது வேணும்னா திரும்பப் போயி கடைசில நம்பர் போடு. இல்லன்னா ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கிட்டுல்லா கெடக்கும்."

தெரியாத கேள்வி வந்தால் மற்றவர்கள் சொல்லிக் கொடுப்பார்களா என்று கேட்டேன்.

"அது எப்பிடி? அடுத்தவ கொடத்தத் தொட்டா சண்டதான வரும்?"

ஆக, வழக்கத்துக்கு மாறான அந்த மூளை பதினொரு மூளை. நான் சேர்த்த ஒரே ஆயிஷாவின் பெயரில் பதினொரு பேரும் முறை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பத்துப் பேர் தளத்தில் பிறக்கவே இல்லை.

அன்றைக்கே திருத்தியிருக்க வேண்டும். எனக்கோ அந்த வரிசை ரொம்பப் பிடித்துப் போயிற்று. அக்கா கொடுத்த டீயைக் குடித்தபடி அரை மணி நேரம் ரசித்துவிட்டு வந்தேன். வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் ஒன்றாவது அழகாக அமைந்ததே என்ற திருப்தி.

இருபது பேர்

திருப்திக்கு ஆயுள் மூன்று வாரம். இல்லாத பிள்ளைகளை ஆசிரியர்கள் பேரேட்டில் எழுதி வகுப்பைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று மேலே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. ஆகவே இனி பேரேடு செல்லாது. தளத்தில் இருக்கிற, மாதம் அரை மணி நேரமாவது படித்த பிள்ளைதான் பிள்ளை என்று முடிவாயிற்று. இருபது பேருக்குக் குறைந்த வகுப்பை வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

என் வகுப்பில் தளத்தின்படி பதினாலு பேர்.

சேர்க்கப் போகிற பள்ளி லேபர் கேம்ப் பக்கம். தூரம் பெரிதில்லை. ஆனால் நடுவில் லாரியும் டெம்போவும் ஓடுகிற ரோடு இருக்கிறது. அப்பாமார்கள் பட்டறையில், அம்மாமார்கள் வீட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். கூட்டிப் போக ஆள் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் இப்படித்தான் ஒரு வகுப்பைச் சேர்த்தார்கள். காகிதத்தில் மொத்த வகுப்பும் போயிற்று. ரோட்டைத் தாண்டியது பாதி. மிச்சத்தில் சிலர் பக்கத்து இந்திப் பள்ளிக்குப் போனார்கள். சிலர் எங்கும் போகவில்லை. ஆயிஷாவின் அம்மா என்னிடம் நேராகவே சொன்னார், ரோட்டைத் தாண்டிப் பொட்டப்பிள்ளையை அனுப்ப மாட்டேன், வீட்டில் இருக்கட்டும் என்று.

முதலில் நேர்மையாகத்தான் முயன்றேன். பத்துப் பிள்ளைகளின் அப்பாமார்களைத் தேடி ஒரு சாயங்காலம் சந்துக்குள் போனேன். உங்கள் எண்ணுக்கு ஓடிபி வரும், அதை எனக்குச் சொன்னால் பிள்ளையைச் சேர்த்துவிடலாம் என்றேன். முதலில் பிடித்தது முத்துமாரியின் அப்பாவை. தோல் பட்டறையில் வேலை செய்பவர், என்மேல் ரொம்ப மரியாதை உள்ளவர். கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஓடிபிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டிவில சொல்லுதாவளே சார்."

நான் வாத்தியார்தானே என்றேன்.

"அதான் சார். தெரிஞ்ச ஆளு மாதிரிதான் கேப்பானாம்."

செய்தி எனக்கு முன்னால் சந்தில் ஓடிவிட்டது. அடுத்த வீடுகளில் என்னை உட்கார வைத்து, டீ கொடுத்து, ஓடிபி மட்டும் கொடுக்காமல் அனுப்பினார்கள். நான்கு பேரிடம் இருந்தது பட்டன் போன். தங்களிடம் நல்ல போன் இல்லையே என்று அவர்கள் மட்டும் வருத்தப்பட்டார்கள்.

கெடு திங்கட்கிழமை. சனிக்கிழமை இரவு சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டேன். சுனாபட்டியில் மைத்துனர், தேவ்நாரில் சித்தப்பா மகன், மாட்டுங்காவில் அத்தை வீட்டில் மூன்று எண்கள். எல்லோரும் காரணம்கூடக் கேட்காமல் ஓடிபியைச் சொன்னார்கள். ஒருவரை ஏமாற்றும் திறமை எனக்குக் கிடையாது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பத்து எண்கள், பத்துப் பிள்ளைகள். ஆளுக்கு அரை மணி நேரப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு உட்கார்ந்தேன்.

பூசணிக்காய்

படிப்பு நன்றாகவே போயிற்று. கூட்டல், கழித்தல், சந்தை, போக்குவரத்து. ஒரு பிள்ளையும் இன்னொன்றும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று அங்கங்கே வேண்டுமென்றே தப்பும் விட்டேன். நாகூர் மீரானைக் கணக்கில் கெட்டிக்காரனாக்கினேன். நிஜத்திலும் அவன் அப்படித்தான். ஒரு நாவலாசிரியனின் பெருமிதம்கூட வந்தது.

ஒரே ஒரு கேள்வியில்தான் சறுக்கினேன். பூசணி காயா, பழமா? காய் என்று அழுத்தினேன். தவறு, அது பழம் என்றது பெண் குரல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐம்பது வருடமாகச் சாம்பாரில் போட்டுச் சாப்பிடுகிறவன் நான். விதை உள்ளது எல்லாம் பழம் என்று விளக்கம் வேறு. அடுத்த பிள்ளைக்கு அதே கேள்வி வந்தபோதும் காய் என்றே அழுத்தினேன். அதற்கடுத்த பிள்ளைக்கும். பத்துப் பேரும் கொள்கையில் உறுதியாக நின்றோம்.

அந்த வாரமே சாவந்த் மேடம் வந்தார். எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளைப் பார்வையிடுகிற அதிகாரி. மராட்டிக்காரர், தமிழ் தெரியாது. அதிகம் பேச மாட்டார். தன் மடிக்கணினியை என் மேசைமேல் வைத்து என் பக்கம் திருப்பினார்.

பத்துப் பிள்ளைகள். எல்லோரும் செம்பூரில். ஒருத்தர் எழுந்ததும் அடுத்தவர் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். ஒன்றரையிலிருந்து இரண்டு வரை யாரும் படிக்கவில்லை. பத்துப் பேரும் பூசணிக்காயில் தப்பு.

"சார், யே தஸோ பச்சே ஆப் ஹீ ஹோ நா?" இந்தப் பத்துப் பிள்ளைகளும் நீங்கள்தானே என்று கேட்டார்.

பொய்யாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சஸ்பென்ஷன் உத்தரவு என்ன நிறக் காகிதத்தில் வரும் என்ற யோசனைதான் வந்தது. உண்மையைச் சொன்னேன். ரேஷன் கார்டிலிருந்து ஓடிபி வரை எல்லாம். நீங்கள் பார்க்கிற பத்துப் பிள்ளைகள் நான் ஒருவன். ஆயிஷா என்று பார்க்கிற ஒருத்தி பதினொரு பேர் என்றேன்.

அவர் ஆயிஷாவின் வரைபடத்தைத் திறந்தார். மலையையும் பள்ளத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "திகாவோ" என்றார். காட்டுங்கள்.

மேடம் பார்த்தது

மூன்று மணிக்குக் கூட்டிப் போனேன். பேச்சியக்கா ஸ்டூலைப் போட்டார். மேடம் உட்காரவில்லை. வரிசைப் பக்கத்தில் நின்றபடி, என்னிடம் வாங்கிய பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையும் கைப்பேசி முன் வந்து உட்காரும்போது பெயரைக் கேட்டு, பேனாவால் குறித்தார்.

பிள்ளைகள் அவரைச் சட்டை செய்யவில்லை. ஓர் ஆட்டம் முடிந்து நாகூர் மீரான் திரும்ப நம்பர் போட்டான். அருண்குமாரின் பாட்டிலை யாரோ உருட்டிவிட, அக்கா உள்ளேயிருந்து, "ஏல, எவம்ல அது?" என்றார்.

எட்டாவதாக மகாலட்சுமி வந்தாள். எல்லோரும் மகா என்போம். சமர்த்து. வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து, நான் ஒரு வரி படித்தால் மற்றவர்களோடு சேர்ந்து கணீரென்று திருப்பிச் சொல்வாள். பக்கத்தைச் சரியான இடத்தில் திருப்புவாள். அவள் ரிப்போர்ட்டில் நான் "நன்று" என்று எழுதியிருந்தேன்.

மகா கைப்பேசியைத் தொட்டாள், எழுந்தாள், பையை எடுத்துக்கொண்டு கடைசிக்குப் போனாள். பேனா குறித்தது. பதினொன்றும் முடிந்தது. வகுப்பு தப்பித்தது என்று நான் மூச்சு விட்டேன்.

மேடம் கிளம்பவில்லை. இரண்டாவது சுற்றையும் பார்த்தார். மகாவின் முறை மறுபடி வந்தபோது பக்கத்தில் குனிந்து பார்த்தார். அவள் பையைத் தூக்கும் முன் இந்தியில் ஏதோ கேட்டார். மகா தயங்காமல் இந்தியில் பதில் சொன்னாள்.

"படனே கோ நஹீ ஆதா."

படிக்கத் தெரியாது.

மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவள் கேள்வியைப் பார்க்கவே இல்லை, முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள் என்றார். தமிழ் தெரியாதவர் ஆகையால் அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறார். மூன்று வருடம் அவளோடு பாஸாகி வந்த நான், போன தடவை இதே இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது உதவியாக இருந்தது.

மேடம் பட்டியலின் அடியில் பதினொன்று என்று எழுதி வட்டம் போட்டார். பதிமூன்றும் பதினொன்றும் இருபத்து நாலு. இந்த வருடம் வகுப்பு இருக்கும், அடுத்த வருடத்தைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார். இந்தப் பதினொரு பேரையும் ஒரே கைப்பேசியில் தனித்தனியாகச் சேர்க்க வழி இருக்கிறதாம். என் பள்ளி இளம் ஆசிரியைகளுக்குத் தெரியுமாம். உங்கள் பத்துப் பிள்ளைகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றார். அவ்வளவுதான். ரோடு வரைக்கும் கூட நடந்தேன். ரிக்‌ஷாவில் ஏறும்போது மகாவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டாவது இருக்கலாம்.

மறுநாள் காலை, மற்றவர்களுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு மகாவை என் மேசைக்குக் கூப்பிட்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டேன். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து ஓர் எழுத்தின் அடியில் விரலை வைத்தேன்.

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்தாள். நான் ஆரம்பித்தால் கூடவே சொல்லிவிடலாம் என்று தயாராக இருந்தாள். மூன்று வருடமாக என் வகுப்பில் அவள் படித்த இடம் அதுதான்.

வாயை மூடிக்கொண்டேன். ஐம்பது வயதுக்குமேல் எனக்கு அது சுலபமான காரியமில்லை.

"சார், நீங்க மொதல்ல சொல்லுங்க" என்றாள்.

"இன்னைக்கு நான் சொல்லப் போறதில்ல. நீ சொல்லு."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ பென்சில் சீவினார்கள். மகா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் மெதுவாகக் குனிந்தாள். என் விரலைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தாள். எழுத்தை நன்றாகப் பார்த்தாள்.

"இது எனக்குத் தெரியாது சார்."

என்னிடம் அவள் சொந்தமாகச் சொன்ன முதல் பதில். பேனாவை எடுத்து, சரி என்று குறித்துக்கொண்டேன்.